தேடுனது நானு, வந்தது அவருக்கு

சித்தெ தள்ளி உக்காரு அம்மிணி. பைய மடியில வெச்சுக்கறேன். ஆச்சு. தாராபுரமா நீயி? நாங்களும் தாராபுரம் போயித்தான் வேற பஸ் மாறோணும். நாங்கன்னா, நானும் எங்கூட்டுக்காரரும். அதா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, பச்சைத் துண்டு போட்டுட்டு சன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்காரு பாரு, அவருதான். என்னடா இந்தம்மா எட்டி எட்டிப் பாக்குதேன்னு நெனச்சுக்காத. கண்ணு வெச்சுட்டே இருக்கோணும். எங்காச்சும் எறங்கிப் போனாலும் சொல்லீட்டுப் போக மாட்டாரு. பேச மாட்டாரு அம்மிணி.

ஊமையில்ல. சீக்கும் இல்ல. ஞானம் வந்துருச்சு. அதுதான் சங்கதி.

சிரிக்காத. வெளையாட்டுக்குச் சொல்லல. எங்கூருல வந்து கேட்டுப் பாரு, கோபிக்கு இந்தப் பக்கம் எங்கூரு, பஸ் ஸ்டாப்புல நின்னு 'பேசாத கவுண்டரு ஊடு எது'ன்னு கேட்டீன்னா சிரிச்சுட்டே கையப் புடிச்சுக் கூட்டீட்டு வந்து உட்டுருவாங்க. அப்படிப் பேரு ஆயிப்போச்சு. எனக்கு வேண்டியது பேரு இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசோணும். சோத்துக்கு உப்புப் பத்தலீன்னாவது சொல்லோணும். அதும் இல்லீன்னா, வந்தத எனக்கும் சொல்லிக் குடுக்கோணும். ரெண்டுல ஒண்ணு. இப்பப் போறதே அதுக்குத்தான்.

யாருகிட்டயா? இரு, சொல்றேன்.

இதா வந்துட்டாரு கண்டக்டரு. ரெண்டு தாராபுரம் குடுப்பா. எனக்கொண்ணு, அதா அந்தப் பச்சைத் துண்டுக்கு ஒண்ணு. நீ அவருகிட்டப் போயிக் கேக்காத சாமி, மௌனம். ஆமா, மௌனம்னா பேச மாட்டாரு. என்ன பார்வை அது? டிக்கெட்டக் குடு.

பாத்தியா? போற எடமெல்லாம் இதே பாடு எனக்கு. ஈரோட்டுல பெரிய டாக்டருகிட்டக் கூட்டீட்டுப் போனேன். அந்த மனுசன், 'என்னங்க பண்ணுது'ன்னு இவரப் பாத்துக் கேக்கறாரு. நான் ஆரம்பத்துல இருந்து எல்லாம் சொன்னேன். 'நீங்க இருங்கம்மா, அவரு சொல்லட்டும்'ங்கறாரு. அவரு சொல்றாப்பல இருந்தா எதுக்குங்க உங்களத் தேடி ஈரோடு வாரம்னேன். அப்பறம் என்னைய வெளிய உக்காரச் சொல்லீட்டாரு. உள்ள வெச்சு என்ன பண்ணுனாரோ, வெகு நேரம். எனக்கு அங்க இருப்பே கொள்ளல. கடைசீல வெளிய வந்து, 'தொண்டையில ஒண்ணுமில்லம்மா, அவரு பேசறபோது பேசுவாரு, நீங்க அவசரப்படுத்தாதீங்க'ன்னு எந்தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. சீக்கு அவருக்கு, தட்டிக் குடுக்கறது எனக்கு. நல்ல டாக்டரு.

ஞாயத்தக் கேளு நீயி. தேடுனது நானு. இவரு ஒரு நாளு சாமி கும்புட்டு நான் பாத்ததில்ல. மாரியாத்தா நோம்பிக்குக்கூட, மொளைப்பாரி எடுக்கற அன்னைக்கு மஞ்சக் காட்டுக்குத் தண்ணி உடப் போயிருவாரு. நானு? மூச்சுப் பயிற்சி, கோபியில கல்யாண மண்டபத்துல. அது முடிஞ்சு பகவத் கீத வகுப்பு. அது முடிஞ்சு பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமல. வெள்ளச்சீலைக்காரம்மா ஒருத்தி நெத்தியில கைய வெச்சா நெறையப் பேத்துக்கு அழுகையா வரும், அங்கயும் போனேன். எனக்கு வரல. எனக்குப் பக்கத்துல உக்காந்தவ தரையில உருண்டு அழுகறா, நான் அவ சீலைய இழுத்து உட்டுட்டு உக்காந்திருக்கறேன். இன்னொரு எடத்துல கண்ண மூடி வெளிச்சத்தப் பாருங்கன்னாங்க. எனக்கு எங்கூட்டு அடுப்புத்தான் தெரிஞ்சுது, பால அடுப்புல வெச்சுட்டு வந்துட்டனோன்னு.

எதுக்கு இந்த ஓட்டம்னு கேக்க மாட்டயா? கேளு. எல்லாரும் கேக்கறதுதான்.

எங்களுக்கு ஒரு பொண்ணு. மைதிலின்னு பேரு. உன்னையாட்டத்தான் இருப்பா, உன்ன விடச் சித்தெ ஒசரம். காலேசு கடைசி வருசம். காச்சல்னு வந்து படுத்தா. அப்பறம் ஆசுபத்திரி. அப்பறம் ஒண்ணுமில்ல.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு. சொல்றதுக்கு என்ன இருக்குது. எல்லாரும் சொல்லியாச்சு.

அன்னைக்கிலிருந்து எனக்கு மனசு ஒரு எடத்துல நிக்கறதில்ல. எங்க போனா, ஏன் போனா, இந்தச் சாமி எதுக்குக் குடுத்துச்சு, எதுக்கு எடுத்துச்சு. இதுக்குப் பதில் தெரிஞ்ச ஒரு ஆளு எங்காச்சும் இருப்பாங்கல்ல? படிச்சவங்க, துறந்தவங்க, காட்டுல உக்காந்தவங்க. அவங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னுதான் போனேன். இதுல என்ன தப்பு? சமையல் தெரியாதவ தெரிஞ்சவகிட்டக் கேக்கறதில்லியா?

இவரு? இவரு அழுகக்கூட இல்ல அம்மிணி. எழவு ஊட்டுல ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து உக்காந்திருக்கறாங்க, இவரு கட்டுத்தரையில எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டு நிக்கறாரு. எங்கண்ணன் போயிக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வெச்சாரு. அப்ப என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. 'அவ அன்னைக்குக் காலையில'ன்னு என்னமோ ஆரம்பிச்சாரு. நான்தான், நீங்க கம்முனு இருங்க, உங்களுக்கு என்ன தெரியும்னுட்டேன். பின்ன? ஆசுபத்திரியில கூடவே இருந்தது நானு. அவ கடைசியா தண்ணி கேட்டது எங்கிட்ட. இவரு அப்ப மருந்து வாங்கக் கீழ போயிருந்தாரு. ஒரம்பரைக்குச் சொல்றதுன்னா நானல்ல சொல்லோணும்? அன்னைக்கிலிருந்து அவ பேர இவரு வாயில நான் கேட்டதில்ல. மறந்துட்டாருன்னே வெச்சுக்க.

இப்படி இருக்கறப்பத்தான் இந்த மௌனக் கேம்ப்பு வந்துது.

ஒட்டஞ்சத்திரம் தாண்டி ஒரு கரடு, சின்ன மலையாட்டம், இருக்குது. அதும் மேல ஒரு சாமி ஆசிரமம் போட்டிருக்காரு. காவியெல்லாம் கட்ட மாட்டாரு, பேண்ட்டு சட்டைதான், எங்கூட்டுக்காரர விட வயசு கம்மி. ஒரு வாரம் அங்க போயிப் பேசாம இருக்கோணும். இருந்தா உள்ளுக்குள்ள தெளிஞ்சுரும்னு எங்க கீத வகுப்புல சொன்னாங்க. அந்தக் கரட்டுல தனியா எப்படிப் போறதுன்னு இவரையும் கூட்டீட்டுப் போனேன். பை தூக்கறதுக்குன்னே வெச்சுக்க. அங்க என்னன்னா, சும்மா தொணைக்கு வந்தவங்கன்னு யாரும் இருக்கக் கூடாதாமா, அவருக்கும் சேத்துப் பேரு பதிஞ்சுட்டாங்க. பச்சைக் கவுறு போட்டு ஒரு அட்டை. அதுல 'மௌனம்'னு எழுதியிருக்கும். கழுத்துல மாட்டி உட்டுட்டாங்க. மாட்டீட்டா யாரும் நம்மகிட்டப் பேசக் கூடாது, நாமளும் பேசக் கூடாது.

ஏயப்பா! என்ன பாடு பட்டுட்டேன். குளிக்கப் போனா கொழாயில தண்ணி வரல. வரலீன்னா வரலீன்னு சொல்லாம எப்படி இருக்கறது? கொழாய்கிட்டச் சொன்னேன். அதுக்கு ஒரு பொண்ணு வந்து ஒதட்டுல வெரல வெச்சுட்டுப் போறா. சோத்துல கல்லு. பக்கத்துல இருக்கறவளுக்கு, பாத்துச் சாப்புடு கண்ணு, கல்லுன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன். அதுக்கும் வெரலு. வாய மூடுனா உள்ளுக்குள்ள சந்தைக்கடை. அந்தச் சத்தமும் ஓஞ்சுதுன்னா, அப்பறம்...

அப்பறம் என்ன. கம்முனு இருந்தா அவ கூப்படறது கேக்குது அம்மிணி. 'அம்மா, தண்ணி'ங்கறா. ஊட்டுல இருந்தா டிவியப் போட்டு உட்டுருவேன். யாராச்சும் வந்தா புடிச்சு வெச்சுப் பேசீட்டே இருப்பேன். கரட்டுல என்ன பண்றது? ஒரு வாரமும் அவ கூப்பட்டுட்டே இருந்தா. அந்தச் சாமிகிட்டப் போயி, பேசறதுக்குன்னு சித்தெ நேரம் குடுப்பாரு, அப்பக் கேட்டேன். சாமி, எனக்குத் தெளியறதுக்குப் பதிலா இன்னும் எச்சாகுதுங்களேன்னு. அவரு சொல்றாரு, 'சுலோச்சனாம்மா, நீங்க தேடறத உட்டுப் பாருங்க, தேடற வரைக்கும் கெடைக்காது'ன்னு. தேடாதவங்களுக்குத்தான் கெடைக்கும்னா, அப்பறம் எதுக்குங்க கேம்ப்புன்னேன். சிரிக்கறாரு. 'இதக் கத்துக் குடுக்க முடியாதும்மா, எடம் குடுக்கத்தான் முடியும்'ங்கறாரு. கத்துக் குடுக்க முடியாதவருக்கு எதுக்கு அத்தன ஒசரத்துல மேடையும் மைக்கும்? நீயே சொல்லு.

அந்த ஒரு வாரமும் இவரு என்ன பண்ணுனாருங்கற? காலையில எந்திரிச்சு ஒரு வேப்ப மரத்தடியில உக்காருவாரு. மணியடிச்சா சோத்துக்கு வருவாரு. தின்னுட்டு மறுக்கா அங்கயே போயிருவாரு. ஒரு நாளு பாக்கறேன், கண்ணுல தண்ணி ஊத்துது. தூசி போல இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன், கரட்டுல காத்து அப்படி.

கடைசி நாளு எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சாங்க. அட்டையக் கழட்டீட்டு, ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, என்ன கெடச்சுதுன்னு சொல்லோணும். ஒருத்தி அமைதிங்கறா. ஒருத்தரு மகனோட சண்டைய முடிச்சுக்கப் போறேங்கறாரு. இவரு முறை வந்துது. இவருக்கு நாலு பேத்துக்கு முன்னால பேசத் தெரியாது அம்மிணி, பொண்ணு பாக்க வந்தன்னைக்கே இவங்கம்மாதான் பேசுனாங்க. அப்பறம் எல்லாம் நான்தான். பேங்குல நான்தான், மஞ்ச மண்டியில நான்தான். எந்திரிச்சாரு. அட்டையக் கையில புடிச்சுக்கிட்டாரு. 'எம்பொண்ணு'ன்னு ஆரம்பிச்சாரு. 'எம்பொண்ணு'ன்னு மறுக்கா சொல்றாரு, அதுக்கு மேல வரல. அத்தன பேரும் பாக்கறாங்க. மானம் போயிருமேன்னு நான் டக்குனு எந்திரிச்சு, நீங்க கம்முனு உக்காருங்க, நான் சொல்லிக்கறேன்னுட்டு, சாமி, அவருக்குப் பேச வராதுங்க, எங்களுக்கு இப்படி இப்படி ஆயிப்போச்சுங்கன்னு எல்லாத்தையும் நானே சொல்லி முடிச்சேன். நல்லாத்தான் சொன்னேன். பொம்பளைங்க பாதிப் பேரு அழுதுட்டாங்க. சாமி மட்டும் என்னையப் பாக்கல, இவரையே பாத்துட்டு இருந்தாரு. இவரு உக்காந்து, கழட்டுன அட்டைய எடுத்து மறுக்கா மாட்டிக்கிட்டாரு.

அவ்வளவுதான். அன்னைக்கு வந்துது ஞானம். அந்த நொடியில வந்துது. நான் நேருல பாத்தேன்.

பஸ் ஏறுனோம், பேசல. ஊடு வந்தோம், பேசல. ஏனுங்க, கேம்ப்பு முடிஞ்சுதுங்க, அட்டையக் கழட்டுங்கன்னேன். கழட்டி ஆணியில மாட்டீட்டாரு. வாயத் தொறக்கல. மொதல்ல எனக்குக் கோவம். ரெண்டு நாளு சோறு போடாம வெச்சுப் பாத்தேன். அவரே வடிச்சுத் தின்னுட்டு எனக்கும் ஒரு கிண்ணத்துல மூடி வெச்சுட்டுப் போறாரு. அப்பறம் அழுது பாத்தேன். பக்கத்துல வந்து உக்காந்தாரு. கைய எந்தலையில வெச்சாரு. என்னமோ சொல்லப் போறாருன்னு நான், சொல்லுங்க, சொல்லுங்க, ஏன் பேச மாட்டீங்கறீங்க, நான் என்ன பாவம் பண்ணுனேன், உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்னு கேக்கறேன், கேக்கறேன், கேட்டுட்டே இருக்கறேன். எந்திரிச்சுப் போயிட்டாரு.

அப்பறந்தான் ஊருக்காரங்க வர ஆரம்பிச்சாங்க. மொதல்ல வந்தது பக்கத்தூட்டு ராசாமணி. அவ பையன் திருப்பூரு கம்பெனிக்குப் போனவன், வருசமா ஆத்தாகிட்டப் பேசறதில்ல. அழுதுட்டு வந்தா. இவரு கட்டுத்தரையில இருந்தாரு. நான் காப்பி வெச்சுட்டு வாரதுக்குள்ள, கண்ணத் தொடச்சுட்டுச் சிரிச்ச மூஞ்சியோட போறா. என்ன ஆச்சுடீன்னேன். 'மாமா நல்ல வார்த்தை சொன்னாருக்கா, மனசு ஆறிப்போச்சு'ங்கறா. பேசாத மனுசன் எப்படீடி சொல்லுவாருன்னேன். ஒரு மாதிரி முழிச்சுப் பாத்துட்டுப் போயிட்டா. ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணுனேன். அப்பறம் புரிஞ்சுது. கீத வகுப்புல ஒருக்காச் சொல்லிக் குடுத்தாங்க, பெரிய ஞானிக வாயத் தொறக்காமயே சொல்லிப்போடுவாங்களாமா. எதுத்தாப்பல இருக்கறவங்க மனசுல அதுவா கேக்குமாமா. அதுதான் ராசாமணிக்குக் கேட்டிருக்குது.

அதுக்கப்பறம் பாரு, பால் சொசைட்டிக்காரரு வாராரு. குடிய உட்டுட்டாரு அந்த மனுசன். 'ஐயா சொன்னாங்கம்மா, உட்டுட்டேன்'ங்கறாரு. அவருக்கும் கேட்டிருக்குது! குறுக்குச் சந்துல இருக்கற வாத்தியாரம்மாவுக்குக் கேக்குது. உரம் ஏத்தீட்டு வந்த லாரிக்காரனுக்குக் கேக்குது. எருமைக்குக்கூடக் கேக்குது போல, கட்டுத்தரைப் பக்கம் காத்தால போனீன்னா மெல்லமா ஒரு பேச்சுச் சத்தம் வரும், நான் பக்கத்துத் தோட்டத்து ரேடியோன்னு நெனப்பேன், கிட்டப் போனா நின்னுரும். அந்த எருமை அவரையே பாத்துட்டு நிக்கும். எல்லாத்துக்கும் கேக்குது. எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது. வருசக் கணக்காப் பயிற்சி பண்ணுனவ நானு!

எனக்கு எப்படி எரியும்னு நெனச்சுப் பாரு. பொறாமைன்னே வெச்சுக்க, ஒத்துக்கறேன். ஆனாலும் கத்துக்கலாம்னுதான் பாத்தேன். கட்டுன புருசன்தான, குருவா வெச்சுக்கிட்டாத்தான் என்னன்னு ஒரு நாளு தலைக்குத் தண்ணி வாத்துட்டு, தட்டுல வெத்தல பாக்கு பழம் வெச்சு, அவரு முன்னால போயி உக்காந்து, சொல்லிக் குடுங்கன்னேன். தட்டப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. பழத்த எடுத்து உரிச்சு, பாதிய எங்கையில குடுத்தாரு. இதுக்கு என்னங்க அர்த்தம், பாதி பாதின்னா சீவாத்மா பரமாத்மாவான்னு கேட்டேன். எந்திரிச்சு எருமைக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. அவரு மோட்டாரு ரூமுக்கிட்ட ஒரு கல்லுல உக்காருவாரு. நானும் போயி அதே கல்லுல, அதே மாதிரிச் சம்மணம் போட்டு உக்காந்தேன். அவரு போற வரைக்கும் உக்காந்திருந்தேன். எறும்பு கடிச்சதுதான் மிச்சம்.

அதுதான் இன்னைக்குக் கெளம்பீட்டேன். இதா பையில அட்டையும் வெச்சிருக்கறேன், பாரு, இதுதான், பச்சைக் கவுறு. அந்தச் சாமிகிட்டப் போயிக் கேக்கப் போறேன். சாமி, உங்க அட்டைய நீங்களே வெச்சுக்கங்க, எம்புருசன எனக்குக் குடுங்க. இல்லீன்னா அவருக்கு என்னத்தக் குடுத்தீங்களோ அத எனக்கும் குடுங்க. கத்துக் குடுக்க முடியாதுன்னு சிரிச்சீங்கன்னா, நான் அந்த மேடையிலயே ஏறி உக்காந்துக்குவேன், எறங்க மாட்டேன். இதத்தான் சொல்லப் போறேன். நாலு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு இருக்கறேன்.

அவினாசிபாளையம் வந்துருச்சா? ஆளு ஏறுது பாரு. ஏனுங்க, பாத்து, அந்த வாழைத்தார இங்க கொண்டாராதீங்க, சீலையில கறை ஆயிரும். முன்னால போங்க. அட, இவருக்குப் பக்கத்துல போயி உக்காந்துட்டாரு. போச்சு. வாழைக்காய்க்காரங்க கம்முனு வர மாட்டாங்க, பேச்சுக் குடுப்பாங்க. இவரு பதிலு சொல்ல மாட்டாரு. அந்தாளு தப்பா நெனச்சுக்குவாரு, போன தடவ எங்கூட உக்காந்து வந்தப்ப இப்படித்தான் ஒருத்தரு, 'என்னம்மா உங்க வீட்டுக்காரருக்கு அத்தன மெதப்பு'ன்னு கேட்டுட்டாரு. நான் போயி ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்துரட்டுமா? என்ன, வேண்டாங்கறயா? கூட்டமா இருக்குது, செரி. பொறகு சொல்லிக்கறேன்.

உனக்குக் கல்யாணம் ஆச்சா? ஆகலியா? நல்லது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க, பேசற மாப்பளையாப் பாத்துக் கட்டிக்க. அப்பறம் என்னையாட்டம்...

என்ன வண்டி நின்னுருச்சு? முன்னால என்னமோ ரோட்டு வேலையா? இஞ்சினயும் அமத்திப்போட்டான். இந்த வேக்காட்டுல... பாட்டையும் நிறுத்தீட்டான், அது ஒண்ணு நல்லது. எத்தன நேரம் ஆகும்னு அந்தக் கண்டக்டரக் கேளு அம்மிணி. தாராபுரத்துல அந்த பஸ்ஸ உட்டம்னா...

இரு.

யாரு அது பேசறது?

இல்ல, முன்னால. அந்தக் கொரலு. வாழைத்தாருக்காரரா? இல்லியே. அவரு தலையத்தான ஆட்டீட்டு இருக்கறாரு.

அம்மிணி, அது எங்கூட்டுக்காரரு.

கையக் காட்டிப் பேசறாரு பாரு. நீயும் பாக்கறதான? வாயி அசையுதுதான? நல்லாப் பேசறாரு. அந்தாளு ஏறிச் சித்தெ நேரங்கூட ஆகல, ஊரு பேரு தெரியாத ஒரு ஆளுகிட்ட, சிரிச்சுச் சிரிச்சு... அப்ப ராசாமணிகிட்ட? அந்த டாக்டருகிட்ட? பால்காரருகிட்ட, லாரிக்காரன்கிட்ட? அந்த எருமைகிட்ட! எல்லாருகிட்டயும் பேசியிருக்கறாரு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட மட்டுந்தான். என்னைய மட்டுந்தான்.

உடு, கைய உடு அம்மிணி. போயி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன். அத்தன பேத்துக்கு முன்னால கேக்கறேன். நான் என்ன அப்படி...

என்ன சொன்னாரு இப்ப?

மைதிலீங்கறாரு.

அவ பேரச் சொல்றாரு அம்மிணி. 'காலேசு பஸ்ஸுக்கு நான்தானுங்க வண்டியில கொண்டு போயி உடுவேன்'ங்கறாரு. 'பின்னால உக்காந்துக்கிட்டு, வாய்க்கா மேடு தாண்டற வரைக்கும் பாட்டுப் பாடீட்டே வருவாளுங்க'ங்கறாரு. பாடுவாளா? எம்பொண்ணு பாடுவாளா? எனக்குத் தெரியாதே. எங்கிட்ட ஒரு நாளு பாடுனதில்லியே. 'அன்னைக்குக் காலையிலதானுங்க பாடல. என்ன கண்ணு பாடலியான்னேன், காச்சலடிக்குதுப்பான்னா'ங்கறாரு.

அன்னைக்குக் காலையில. இதத்தான். எழவு ஊட்டுல, அன்னைக்கு, இதத்தான்...

என்ன கண்ணு? அவரக் கூப்படறயா? வேண்டாம். கூப்படாத. நான் இங்க கேட்டுட்டு இருக்கறேன்னு தெரிஞ்சா நிறுத்தீருவாரு. அந்த அட்டைய இப்படிக் குடு, கீழ உழுந்துருச்சு. நான் உக்காந்துக்கறேன். என்ன பாட்டுன்னு இப்பச் சொல்லுவாரு. வண்டிய எடுத்துறாம இருக்கோணும், சாமி, சித்தெ நேரம் வண்டிய எடுத்துறாம இருக்கோணும்.

நீ ஒண்ணும் பேசாத அம்மிணி. கம்முனு இரு. அவரு சொல்றாரு.